அந்தச் செருப்பை என் அம்மா தூக்கவில்லை

நீங்கள் என் அம்மாவைப் பற்றிப் பொய் சொன்னீர்கள். தெரியாமல் சொன்ன பொய் இல்லை. உண்மையை என் வாயால் கேட்டு, தலையாட்டி, போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு சொன்ன பொய்.

உங்கள் பெயரை எழுதப்போவதில்லை. படித்தால் உங்களுக்குத் தெரியும், அது போதும்.

எண்பதுகளில் டீ டான்ஸ் போனவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு நீங்கள்தான் இணையத்தில் போட்டிருந்தீர்கள். நீங்கள் போட்ட புது ஃபங்க் பாட்டுக்கு அந்தக் காலத்தைக் காட்டும் வீடியோ, ஆட்கள் வேண்டும் என்று. நான் மெசேஜ் அனுப்பினேன். தேக்கா பக்கம் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொன்னேன்.

டீ டான்ஸ் என்றால் சனிக்கிழமை மத்தியானம். ஆர்ச்சர்ட் ரோட்டு டிஸ்கோக்கள் எங்களைப் போன்ற சின்னப் பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கும். மது கிடையாது, சோடாதான். ஆறு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். அப்பாவிடம் பள்ளிக்கூடத்தில் பேட்மிண்டன் என்று சொல்லிவிட்டுச் சீருடையில் கிளம்புவேன். கடைத்தொகுதிக் கழிவறையில் உடை மாற்றுவேன். அம்மாவுக்கு ரேடியோ ஃபேக்டரியில் சனிக்கிழமை அரைநாள். வேலை முடிந்து நேராக பஸ் ஏறி அங்கே வந்துவிடுவாள். என் சீருடைப் பையை வாங்கிக்கொள்வாள்.

ஏன் வாங்கிக்கொள்வாள் என்பதையும் சொன்னேன். டிஸ்கோவுக்குள் ஒரே சிகரெட் புகை. அந்த வாசனை சீருடையில் ஏறினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். நான் வெளியே வந்து மறுபடி சீருடைக்கு மாறியதும், ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்து என் தலையில் நன்றாகத் தடவி, இறுக்கிப் பின்னிவிடுவாள். முடியில் இருக்கும் புகை வாசனை போவதற்கு.

"ஆடினியா?"

"ஆடினேன்."

"காலு வலிக்குதா?"

"வலிக்குதும்மா."

"அப்ப நல்லாத்தான் ஆடியிருக்க."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு பஸ் வரும்.

இதைக் கேட்டு நீங்கள் மேசையைத் தட்டினீர்கள். "ஆண்ட்டி, இதான் வீடியோ. வேற கதையே வேணாம். உங்க அம்மாவா நீங்களே நடிங்க." அன்று அம்மாவுக்கு இருந்த வயதைவிட எனக்கு இப்போது பதினைந்து வயது அதிகம். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் பின்சந்து. டிஸ்கோ வாசல் என்று ஒரு கதவைக் காட்டினார்கள். அதில் மல்லிகைச் சரம் தொங்கியது. டைரக்டருக்கு இருபத்தைந்து வயது இருக்கும், நம் பெண்தான். அவளிடம் கேட்டேன்.

"இது டிஸ்கோவா, கல்யாண மண்டபமா?"

"லிட்டில் இந்தியா ஃபீல் வேணும் லா ஆண்ட்டி. அப்பதான் ஆடியன்ஸுக்கு ஒடனே புரியும்."

"ஆர்ச்சர்ட்ல எவன்மா மல்லிகை தொங்கவிட்டான்?"

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அப்போதே நான் கிளம்பியிருக்க வேண்டும்.

ஆனால் முதலில் எடுத்தது சரியாகத்தான் இருந்தது. சந்தில் ஒரு பெஞ்ச் போட்டார்கள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நானாக நடித்த பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தலையில் எண்ணெய் தடவினேன். என் கை நடுங்கியது. கேமராவுக்குப் பின்னால் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். பார்த்தேன்.

அதன் பிறகு நீங்களும் டைரக்டரும் ஒதுங்கி நின்று ஏதோ பேசினீர்கள். அவள் கையில் ஒரு செருப்போடு வந்தாள்.

"ஆண்ட்டி, ஒரு சேஃப்டி எடுத்துக்கலாம்."

"சேஃப்டின்னா?"

"சும்மா எடுத்து வச்சுக்குவோம் ஆண்ட்டி. யூஸ் பண்ண மாட்டோம். நீங்க கதவத் தள்ளிட்டு வந்து செருப்ப ஓங்கி அந்தப் பொண்ண இழுத்துட்டுப் போகணும்."

"எங்கம்மா அடிக்கலையேம்மா."

நீங்கள் வந்தீர்கள். "தெரியும் ஆண்ட்டி, தெரியும். ஒரே ஒரு டேக். பத்து நிமிஷத்துல இந்தச் சந்தக் காலி பண்ணணும்."

எல்லாரும் காத்திருந்தார்கள். நான் செருப்பை வாங்கினேன். என் தப்பு அதுதான். அதை நான் மறைக்கவில்லை.

ஸ்லோ மோஷன் என்பதால் பாட்டை வேகமாகப் போடுவார்களாம், நாங்களும் வேகமாகச் செய்ய வேண்டுமாம். சந்து முனையில் ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்து, லீவு நாள் என்று வெளியே வந்திருந்த பையன்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள், கட்டட வேலை செய்பவர்கள். அதில் ஒருவர் கத்தினார்: "அக்கா, கைய ஓங்குனா மட்டும் பத்தாது, முந்தானைய இழுத்துச் சொருகுங்க!" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்குவதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டு செருப்பை வீசினேன். ஒரே டேக். கை தட்டினார்கள்.

வீடியோ வந்தது. முதலில், தமிழிலும் ஆங்கிலத்திலும், "ஓர் ஆண்ட்டியின் உண்மைக் கதை" என்று எழுத்து. பெண் ஆடுகிறாள். கதவு திறக்கிறது. நான் செருப்போடு வருகிறேன். சிரிப்பை அடக்கிய என் முகம் ஸ்லோ மோஷனில் பல்லைக் கடிக்கும் பேய் முகமாக இருக்கிறது. பெண்ணை இழுத்துப் போகிறேன். அதற்குப் பிறகுதான் பெஞ்ச், எண்ணெய், நடுங்கும் கை. முதலில் அடி, பிறகு எண்ணெய். அடித்துவிட்டு மனம் இளகும் தாய். நடுக்கத்தைக்கூட விடாமல் குற்ற உணர்ச்சியாக மாற்றிவிட்டீர்கள். பஸ் ஸ்டாப்பில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவள் எங்கேயும் இல்லை.

நான் சுவா சூ காங்கில் ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் வேலை செய்கிறேன். நம்பர் வாங்க வருகிறவர்கள் "ஆண்ட்டி, செருப்பு எங்க?" என்கிறார்கள். அதை நான் பொறுத்துக்கொள்வேன்.

என் அம்மா உயிரோடு இருக்கிறாள். செங்காங்கில் தம்பி வீட்டில். எண்பத்திரண்டு வயது. கண்ணும் காதும் நன்றாக இருக்கின்றன. தம்பி மகள் அத்தையைக் காட்டுகிறேன் என்று டிவியில் பெரிதாகப் போட்டாள். நானும் அங்கே இருந்தேன். அம்மா கடைசிவரை பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் உன்ன செருப்பால அடிச்சேனா?"

"இல்லம்மா."

"ஒரு தடவையாச்சும்?"

"இல்லம்மா."

"பின்ன ஏன் அவங்ககிட்ட அப்படிச் சொன்ன?"

"நான் சொல்லலம்மா. அவங்களா மாத்திட்டாங்க."

"கை உன் கைதான?"

பிறகு அவளே சொன்னாள். "உங்கப்பாகிட்ட மாட்டியிருந்தா அடி எனக்குத்தான் விழுந்திருக்கும். உனக்கில்ல." டிவியை அணைக்கச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அத்தனை சனிக்கிழமையும் அவள் எதைப் பணயம் வைத்து அந்த பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. எனக்கே ஐம்பத்தாறு வயதில்.

உங்களுக்கு மூன்று மெசேஜ் அனுப்பினேன். நான்காவது நாள் உங்கள் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "ஆண்ட்டி, அது உங்க அம்மா இல்ல லா. எல்லாரோட அம்மாவும்தான். ரொம்ப ஃபீல் பண்ணாதீங்க. நான் மேடைல வாசிக்கிற ஷோவுக்கு அம்மாவக் கூட்டிட்டு வாங்க, முன்வரிசைல ரெண்டு சீட்டு போட்டு வைக்கிறேன்."

எல்லாருடைய அம்மாவா? அப்படியானால் உண்மைக் கதை என்று ஏன் போட்டீர்கள்? ஒரு தமிழ் அம்மா மகளை ஆடவிட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்று நீங்களே முடிவு செய்தீர்கள். செருப்பு என்றால் எல்லாருக்கும் உடனே புரியும். மல்லிகைச் சரம் மாதிரி.

அந்த டீக்கடையில் நான் மட்டும் பேசவில்லை. நீங்களும் பேசினீர்கள். நினைவிருக்கிறதா? கிட்டார் வாசித்தால் உருப்படமாட்டாய் என்று உங்கள் அப்பா சொன்னார். உங்கள் முதல் பேஸ் கிட்டாரை அவருக்குத் தெரியாமல் இரண்டு வருடம் துணி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தது உங்கள் அம்மா. அவர் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து ஜன்னலில் நின்று உங்களுக்குச் சொன்னதும் உங்கள் அம்மா. சொல்லும்போது உங்கள் குரல் உடைந்தது. அந்த அம்மாவின் கையில் செருப்பைக் கொடுப்பீர்களா? ஒரு சேஃப்டிக்காகவாவது?

டீக்கடையில் சொன்னதை மறந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். இன்னொரு வாய்ஸ் மெசேஜும் அனுப்பாதீர்கள். என் காதுக்கு மட்டும் வரும் பதில் எனக்கு வேண்டாம். பொய்யை எல்லாரும் பார்த்தார்கள். பதிலையும் எல்லாரும் கேட்கட்டும்.

அந்த இரண்டு சீட்டும் எனக்கு வேண்டும். அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். முன்வரிசையில் இருப்போம், மேடையிலிருந்து உங்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரிவோம். அந்தப் பாட்டைத் தொடங்குவதற்கு முன்னால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: இந்த அம்மா யாரை அடித்தாள்?