ஐந்தாம் எண் பிழை

அம்சவேணி யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்டைக்கூட இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைப்பாள். மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியிலிருந்து தினமும் வந்து, செம்மேட்டுப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். நாமக்கல்லில் தங்கி டிப்ளமோ படித்தவள். அவள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள்.

ஆஸ்பத்திரியில் ஆறு கம்ப்யூட்டர்கள், அவற்றை இணைக்கும் ஒரு சர்வர். யாராவது பாஸ்வேர்டை மறந்தால் அம்சவேணி கறுப்புத் திரையைத் திறந்து, அந்த ஆளின் பெயரையும் புதிய பாஸ்வேர்டையும் ஒரே வரியில் கட்டளையாக அடிப்பாள். அவ்வளவுதான். அந்த அதிகாரத்தை அவளுக்குக் கொடுத்தவர் சேலத்து இன்ஜினியர் வேல்முருகன். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் மூன்று இடத்தில் வாந்தி எடுக்கிறவர்.

2002 மாசியில் ஒரு திங்கட்கிழமை, மேனேஜர் அர்த்தனாரி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"என் பாஸ்வேர்டு வேலை செய்யல. வெள்ளிக்கிழமை செஞ்சுது. அடுத்த வருசத்துக்கு யார் யாரை வெச்சுக்கறதுங்கற லிஸ்ட் உள்ள இருக்குது. யாரோ நுழைஞ்சு பார்த்திருக்காங்க."

"யாருங்க சார்?"

"இங்க அடுத்தவன் பாஸ்வேர்டை மாத்தத் தெரிஞ்சவங்க எத்தனை பேரும்மா?"

மேசைமேல் ஒட்டிய கவர் ஒன்று கிடந்தது. "ரெண்டரை பஸ்ஸுல இது சேலம் ஆபீசுக்குப் போகுது. உன்னை வேலையிலிருந்து எடுத்துரச் சொல்லி எழுதியிருக்கறேன். போறதுக்கு முன்னால என் பாஸ்வேர்டை மாத்திக் குடு."

"மாட்டேனுங்க சார். இப்ப மாத்துனா, முன்னயும் இப்படித்தான் மாத்துனேன்னு சொல்லுவீங்க."

மேனேஜரின் மச்சினி மகள் சங்கீதா கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சும்மா இருப்பது அவள் நினைவுக்கு வந்தது. கவர் காலையிலேயே ஒட்டப்பட்டதா, போன வாரமே ஒட்டப்பட்டதா?

அந்த நேரம் பார்த்து மருந்து ஸ்டோர் காளியண்ணன் எட்டிப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயது, வேட்டியை மடித்துக் கட்டிய ஆள். "கண்ணு, என்னுதும் திறக்க மாட்டீங்குது. எனக்கு ஒண்ணு மாத்தி உடு சாமி."

மேனேஜர் கண்முன்னாலேயே மாற்றுவோம் என்று இருவரையும் கூட்டிக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். கட்டளையை அடித்தாள். பிழை எண் ஐந்து, அனுமதி மறுக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. மறுபடி அடித்தாள். அதே ஐந்து.

"நடிப்பு நல்லாத்தான் இருக்குது" என்றார் மேனேஜர்.

சேலத்துக்குப் போனிலேயே சொல்லித் தன் அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டார்களோ? நர்ஸ் சென்னம்மாளைக் கூப்பிட்டு, அவள் சம்மதத்துடன் அவள் பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தாள். ஒரு தடங்கலும் இல்லாமல் மாறியது. திரும்பக் காளியண்ணன் பெயரை அடித்தாள். ஐந்து. அப்படியானால் கோளாறு தன் அதிகாரத்தில் இல்லை, காளியண்ணனிடம் இருக்கிறது.

வேல்முருகன் முன்பு சொன்னது அப்போது உறைத்தது: சர்வரில் அவளைவிடப் பெரிய அதிகாரம் உள்ளவர்களின் பாஸ்வேர்டில் அவளால் கை வைக்க முடியாது. காளியண்ணனின் விவரத்தைத் திரையில் கேட்டாள். சர்வர் முழுவதையும் ஆளும் குழுவில் அவர் பெயர் இருந்தது.

"எனக்கு இருக்குதா அந்த அதிகாரம்?" என்றார் மேனேஜர். அவர் விவரத்தையும் எடுத்தாள். சாதாரண ஆள். பாஸ்வேர்டு கடைசியாக மாறியது சனிக்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு. காளியண்ணனின் பாஸ்வேர்டோ தை மாதத்திலிருந்து மாறவே இல்லை.

"ஏனுங்கண்ணா, உங்களுக்கு யார் இவ்வளவு அதிகாரம் குடுத்தது?"

"அந்த இன்ஜினியர் தம்பிதான். ஸ்டாக் புரோகிராம் ஓடலைன்னு தையில கூப்பிட்டனுங்க. வந்து அரை நாள் படுத்துக் கெடந்துச்சு பாவம். அப்பறம், எல்லா அதிகாரமும் குடுத்துட்டேன், இனி எதுக்கும் மலைக்குக் கூப்பிடாதீங்கண்ணான்னு போயிருச்சு."

"சனிக்கிழமை என்ன பண்ணுனீங்க?"

"கம்ப்யூட்டரு பாஸ்வேர்டு மாத்து மாத்துன்னு நச்சரிச்சுது. நீ சோத்துக்குப் போயிருந்த. உன்ர மேசைக் காலண்டர்ல பாஸ்வேர்டு மாத்தற வரி ஒண்ணு எழுதியிருந்துச்சில்ல, அதைத் தாள்ல எடுத்துட்டுப் போயி அப்படியே அடிச்சேன். பாஸ்வேர்டு இருந்த எடத்துல மட்டும் என்ர பாஸ்வேர்டு."

"பேரு?"

"அதையும் அப்படியேதான். ஒரு எழுத்து உடல."

காலண்டரில் இருந்த பெயர் அர்த்தனாரி.

"என் பேரை எதுக்கும்மா எழுதி வெச்ச?" மேனேஜரின் கண் சுருங்கியது.

"மாசத்துக்கு ரெண்டு தடவை மறக்கறது நீங்கதானுங்க சார்."

சென்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லோரும் மேனேஜர் அறைக்குப் போனார்கள். அம்சவேணி அவர் பெயரைப் போட்டு, காளியண்ணன் சொன்ன பாஸ்வேர்டை அடித்தாள். காளியண்ணனின் பேத்தி தாரணியின் பெயரும் அவள் பிறந்த வருசமும். கதவு திறந்ததுபோல மேனேஜரின் கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. அவர் அவசரமாகத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்சவேணிக்கு அப்போதும் முழுசாக மனம் ஆறவில்லை. "லிஸ்ட்டைப் பார்த்தீங்களாண்ணா?"

"எனக்கெதுக்குக் கண்ணு லிஸ்ட்டு? பேரில்லாட்டிப் போனா மரவள்ளி இருக்குது, மிளகு இருக்குது."

வெளியே ரெண்டரை பஸ் வந்து ஹாரன் அடித்தது. மேனேஜர் கவரை எடுத்து டிராயருக்குள் தள்ளினார். "சரி, இது போகல. நீ போய் வேலையைப் பாரு."

அவள் நகரவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"கிழிச்சுருங்க சார்."

அவர் கவரை வெளியே எடுத்து நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். அவள் குனிந்து துண்டுகளைப் பொறுக்கி, தன் பெயர் உள்ள காகிதம்தான் என்று பார்த்துக்கொண்டாள். அப்புறம் ஒரு நோட்டில், நடந்ததை மணி போட்டு எழுதி மூன்று பேரிடமும் நீட்டினாள். சென்னம்மாளும் காளியண்ணனும் கையெழுத்துப் போட்டார்கள்.

"என்னை நம்ப மாட்டியா?" என்றார் மேனேஜர்.

"போட்டுட்டுக் கேளுங்க சார், நம்பறேன்."

போட்டார். அதை வருகைப் பதிவேட்டில் இருந்த கையெழுத்தோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் அவள் நோட்டை மூடினாள்.