சனிக்கிழமை எனக்கு விளையாட்டு இருக்கு

வைத்தியர் என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இனி நடக்கத் தொடங்குங்கோ" என்றார். மாத்திரைக்கு அவ்வளவு அவசரமில்லை, தினமும் பின்னேரம் வேகமாக நடந்தால் போதும் என்றும் சொன்னார்.

நான் திருகோணமலை நகரத்தில் ஒரு பெண்கள் பாடசாலையின் உப அதிபர். ஒழுக்கத்துக்குப் பொறுப்பு நான்தான். சப்பாத்து, தலைப்பின்னல், பிந்தி வருதல், பாடநேரத்தில் கதைத்தல் எல்லாம் என் கண்ணில் பட்டுத்தான் தப்ப வேண்டும். நான் விறாந்தையில் நடந்து வந்தால் ஒவ்வொரு வகுப்பாகச் சத்தம் அடங்கிக்கொண்டே வரும். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

நடப்பதற்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன். ஒருத்தி வைத்தியசாலையில் தாதி. கிண்ணியாவில் பிறந்து, கலியாணம் முடித்து நகரத்துக்கு வந்தவள். மற்றவள் எங்கள் ஒழுங்கை முகப்பில் தையல் கடை வைத்திருப்பவள். மூவருக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. டச் பே கடற்கரையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்போம். தாதி சீனி வருத்தத்தைப் பற்றிக் கதைப்பாள். நான் பாடசாலையைப் பற்றிக் கதைப்பேன். தையல்காரி ஒன்றும் கதைக்கமாட்டாள், பெருமூச்சு விட்டுக்கொண்டு பின்னால் வருவாள். வீடு திரும்பும்போது குளிசை விழுங்கி முடித்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் பின்னேரம் ஈரமணலில் யாரோ பிள்ளைகள் கிளித்தட்டுக் கட்டம் கீறிவிட்டு, விளையாடி முடித்துப் போயிருந்தார்கள். தாதி அப்படியே நின்றுவிட்டாள்.

"டீச்சர், இது கிளித்தட்டுத்தானே?"

"ஓம். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா?" என்றவள், அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் முதல் கோட்டில் ஏறி நின்றாள். இரண்டு கைகளையும் அகல விரித்தாள். "எங்க, என்னத் தாண்டிப் போங்க பாப்பம்."

கிளித்தட்டு பெரிய சிக்கலான விளையாட்டு இல்லை. நீளமான ஒரு கட்டம், நடுவில் நெடுக ஒரு கோடு, குறுக்கே சில கோடுகள். மறிக்கிற பக்கத்தில் ஒவ்வொருவரும் தங்கள் குறுக்குக் கோட்டில் மட்டும் அங்குமிங்கும் ஓடலாம். அவர்களில் ஒருத்தி கிளி. அவள் நடுக்கோட்டிலும் சுற்றுக் கோட்டிலும் எங்கும் பறக்கலாம். இறங்குகிற பக்கம் யார் கையும் படாமல் அடிவரை போய், திரும்பவும் மேலே வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்தவள் "பழம்!" என்று கத்துவாள். ஒருத்திக்குக் கை பட்டாலும் பக்கம் மாறிவிடும்.

நான் முதலில் சுற்றுமுற்றும் பார்த்தேன். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. செருப்பைக் கழற்றினேன். இடப்பக்கம் போவதுபோல் ஒரு சாய்வு காட்டி வலப்பக்கம் பாய்ந்தேன். தாதியின் விரல் என் முழங்கையில் பட்டது.

"பட்டிட்டுது!"

"படேல்லை!" என்று நான் போட்ட சத்தத்தில் தூரத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பிறகு மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தையல்காரி மணலில் குந்தியே விட்டாள். அவளுடைய சிரிப்பை நான் அதற்கு முதல் கேட்டதே இல்லை. சின்னப் பிள்ளைபோலக் கீச்சென்று சிரித்தாள்.

அன்று நாங்கள் நடக்கவில்லை. கோடுகள் காலில் மிதிபட்டு அழியும்வரை ஓடினோம்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிற என் மனுசன் அன்று வேலை முடிந்து முன்னமே வந்து வாசலில் நின்றார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நடக்கப் போனனீரோ, இல்லாட்டி உருளப் போனனீரோ?"

"விளையாடப் போனனான்" என்றேன். அதைச் சொன்னதும் நெஞ்சுக்குள் என்னவோ துள்ளியது.

மூன்று பேரால் கிளித்தட்டு ஆட முடியாது. தாதி தன்னோடு வேலை செய்கிற சிலரைக் கூட்டிவந்தாள். தையல்காரி தன் மச்சாளையும் மச்சாளின் சிநேகிதிகளையும் இழுத்து வந்தாள். மணலில் கீறும் கோட்டைக் கடல் அழித்துவிடுகிறது என்று கடையில் மிஞ்சிய துணிக்கரைகளை நீளமாக மூட்டித் தைத்து, சுருட்டி எடுத்துவரத் தொடங்கியவளும் அவள்தான். அதை விரித்துக் கரைகளில் கல் வைத்தால் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கட்டம் தயார்.

செவ்வாயும் சனியும் என்று நாள் வைத்தோம். அந்த இரண்டு நாளையும் ஒதுக்கி எடுப்பதுதான் பெரிய பாடு. தாதி முறைமாறி வேலை செய்தாள். தையல்காரி பெருநாள் தையல் குவிந்து கிடந்தாலும் அந்த இரண்டு நாளும் நேரத்தோடு கடையைப் பூட்டினாள். எங்கள் வீட்டில் அந்த இரவுகளில் பாணும் சம்பலும்தான். மனுசன் ஒரு தரம் முகத்தைச் சுளித்தார். அடுத்த தரம் சம்பலை அவரே இடித்து வைத்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை பெற்றோர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சனிக்கிழமை பின்னேரம் தன் மகளுக்கும் இன்னும் சில பிள்ளைகளுக்கும் தனியாகக் கணிதம் சொல்லித்தர ஏலுமா என்று கேட்டார்.

"சனிக்கிழமை ஏலாது" என்றேன்.

"ஏதும் கூட்டமோ, மிஸ்?"

வழக்கமாக என்றால் ஓம், கூட்டம் என்று சொல்லியிருப்பேன். வளர்ந்த மனுசிக்கு ஒரு வேலையோ வருத்தமோ கோயிலோ இருக்கலாம். மற்றதெல்லாம் சொல்லக் கூசுகிற காரணம்.

"எனக்கு விளையாட்டு இருக்கு" என்றேன்.

"சரி மிஸ்" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டார். நான் கையில் தொலைபேசியுடன் குசினிக்குள் நின்று தனியே சிரித்தேன்.

அந்தத் துணிச்சல் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. கடற்கரைக்கு வந்த யாரோ எங்களை வீடியோப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். அதில் நான் சுரிதார்க் காலை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, "பழம்! பழம்!" என்று கத்தியபடி இரண்டு கையையும் மேலே தூக்கிக் குதிக்கிறேன். திங்கட்கிழமைக் காலை பாடசாலை வாசலில் நுழையும்போதே தெரிந்தது, எல்லாரும் பார்த்துவிட்டார்கள். விறாந்தையில் வகுப்புகள் வழக்கம்போல அடங்கின. ஆனால் அந்த அமைதிக்குள் ஒரு குமிழ் இருந்தது. எந்த வாய் திறந்தாலும் சிரிப்பாக வெடிக்கும் போலிருந்தது.

பதினோராம் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி நின்றாள்.

"மிஸ், ஒண்டு கேக்கலாமோ?"

"பாடத்திலயோ?"

"இல்லை மிஸ். நீங்கள் ஏன் கிளியா நிக்கிறேல்லை? உங்களுக்குக் கிளிதான் மிஸ் சரி."

வகுப்பு வெடித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்து முடித்தபிறகு அட்சரகணிதம் படித்தோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்று அந்த வகுப்பு வழக்கத்தைவிட நன்றாகவே படித்தது.

இடைவேளைக்கு அதிபர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் ஓய்வுக்குக் கிட்ட நிற்கும் மனுசி. சேலை மடிப்பு குலையாமல் நாள் முழுதும் இருப்பவர். நான் கதிரையில் அமர்ந்ததும் தன் தொலைபேசியை என் பக்கம் திருப்பிவைத்தார். அதே படம்.

"இதில நீங்கள் பிழை விட்டிருக்கிறியள்" என்றார்.

"மன்னிக்கோணும் மடம். பாடசாலைக்கு ஒரு..."

"அதில்லை. கிளி அந்தப் பக்கம் நிக்கேக்க நீங்கள் ஏன் நேர போனனீங்கள்? வளைச்சுப் போயிருந்தா எப்பவோ பழம்." படத்தை நிறுத்தி விரலால் காட்டினார். "செவ்வாயும் இருக்கோ?"

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். சப்பாத்தும் தொப்பியும் போட்டு, காரை விட்டிறங்கி நேரே கட்டத்துக்குள் வந்தார். அன்றுதான் எங்களுக்கு ஓர் உண்மை தெரிந்தது. எங்கள் அதிபர் விளையாட்டில் பொல்லாத அளாப்பி. தோளில் கை பட்டது எல்லாருக்கும் தெரியும். அவர் மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

"மடம், உங்கட தோளில பட்டிட்டுது" என்றாள் தாதி.

"அது காத்து."

"அல்லாஹ்வே, காத்துக்கு விரலிருக்கா மடம்?"

"கச்சான் காத்துக்கு இருக்கும்" என்று தென்மேற்குக் காற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டார். நாங்கள் ஓட முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பிறகு வந்ததுதான் சவால். வைத்தியசாலையில் பயிற்சியில் இருந்த இளம் தாதிப் பிள்ளைகளும் படத்தைப் பார்த்திருந்தார்கள். அவர்கள் எங்கள் தாதியிடம் கேட்டார்களாம்: "சிஸ்டர், அந்த ஆன்ரிமாரோட ஒரு மட்ச் போடுவமா?"

"ஆன்ரிமாரோ?" என்றார் அதிபர். அவருடைய முகத்தைப் பார்த்ததும், இனி இதிலிருந்து பின்வாங்க ஏலாது என்று விளங்கிவிட்டது.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று பின்னேரம். காற்று விழுந்து கடல் தட்டையாகக் கிடந்தது. பக்கத்துக்கு ஐந்து பேர். என் மனுசன்தான் மத்தியஸ்தர். துறைமுகத்தில் சமிக்ஞை காட்டுகிறவர்களிடம் ஒரு விசில் இரவல் வாங்கி வந்திருந்தார். வந்ததிலிருந்து அதை ஊதிக்கொண்டே நின்றார்.

அந்தப் பிள்ளைகள் மீன்குஞ்சு மாதிரி வழுக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் கையை நீட்டும்போது அவர்கள் அடுத்த கட்டத்தில் நின்றார்கள். ஒரு பழம். இன்னொரு பழம். மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்க நான் கடைசிக் கோட்டில் நின்றேன். அவர்களில் கெட்டிக்காரி ஒருத்தி, நெட்டையாக, பின்னல் முதுகில் அடிக்க அடிக்க என்னை நோக்கி ஓடிவந்தாள். கிட்ட வந்தபோதுதான் அடையாளம் கண்டேன். எங்கள் பாடசாலையில் படித்துப் போனவள்! காலையில் பிந்தி வந்து என்னிடம் அடிக்கடி மாட்டியவள்.

"நில்!" என்றேன். விறாந்தையில் போடுகிற அதே குரல்.

அவள் நின்றேவிட்டாள். கையை உடம்போடு ஒட்டிவைத்து, தலையைக் குனிந்து நின்றாள். நான் போய் அவசரமில்லாமல் தோளில் தட்டினேன்.

"மிஸ்ஸ்ஸ்! அது அளாப்பல்!" என்று கத்தினாள். அவளுடைய கூட்டாளிகள் எல்லாரும் கத்தினார்கள். மத்தியஸ்தர் விசிலை வாயில் வைத்தார். ஆனால் ஊதவில்லை, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். "விதியில கத்தக்கூடாதெண்டு இல்லை" என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

அவள் அதை விட்டுவைக்கவில்லை. அடுத்த தரம் என் கோட்டுக்கு வந்தபோது, "ஐயோ மிஸ், உங்கட சோல் விழுந்திட்டுது!" என்றாள். நான் குனிந்து பார்த்தேன். சால்வை என் கழுத்தில்தான் இருந்தது. அவள் என் பின்னால் போய்விட்டாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எனக்குக் கோபமே வரவில்லை. என்ன பிள்ளையடா இவள் என்று கைதட்டத்தான் தோன்றியது.

அதிபரின் காற்று அளாப்பலில் ஒரு பழம், தாதியின் நல்ல ஓட்டத்தில் ஒரு பழம் என்று நாங்களும் எட்டிப் பிடித்தோம். இருபக்கமும் சமன். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கடைசி இறக்கம் எங்களுடையது. நாங்கள் நால்வரும் கிளியை ஒரு பக்கம் இழுத்து வைத்திருக்க, யாரும் கவனிக்காத நேரம் தையல்காரி மெல்ல மெல்ல அடிவரை போய்விட்டாள். திரும்பியும் வந்துகொண்டிருந்தாள். மேல்கோட்டுக்கு இன்னும் ஒரேயொரு கட்டம். அப்போதுதான் அந்த நெட்டைக் கிளி அவளைக் கண்டது. பறந்து வந்து வழியை மறித்து நின்றது.

"அக்கா, விடாதைங்கோ!" என்று கத்தினேன். தையல்காரி அசையவில்லை. கிளியும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து மான் வந்தது. டச் பேயில் ஊருக்குள்ளேயே திரியும் மான்களுக்கு ஆட்களைக் கண்டு பயமில்லை. கொம்பு வைத்த பெரிய புள்ளிமான் ஒன்று, துணிக்கோட்டை மோந்து பார்த்துவிட்டு, ஆடி அசைந்து கட்டத்துக்குள் நுழைந்தது. பயிற்சிக்கு வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் கீச்சிட்டுக்கொண்டு கோட்டை விட்டுத் தள்ளிப் போனார்கள். கிளியும் கொம்பைப் பார்த்து இரண்டு அடி பின்வைத்தாள்.

தையல்காரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். அந்த மான்கள் தினமும் அவள் கடைவாசலில் வாழைப்பழத்தோலுக்குக் காவல் நிற்பவை. மான் பக்கத்தில் வந்ததும் அதன் மறுபக்கத்தில் சேர்ந்துகொண்டாள். இரண்டும் சோடியாக நடந்தன. அவசரமில்லை. சந்தைக்குப் போகிற மாதிரி ஒரு நடை. கிளி கையை நீட்டினாள், மான் தலையைத் திருப்பியது, கையை இழுத்துக்கொண்டாள். தையல்காரி மேல்கோட்டைத் தாண்டி, ஒரு கணம் நின்று மூச்சை இழுத்து,

"பழம்!" என்றாள்.

அந்தச் சத்தத்தில் மானே பாய்ந்து ஓடிவிட்டது.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல ஏலாது. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அந்தப் பிள்ளைகள் மத்தியஸ்தரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அங்கிள், மான் ஆறாவது ஆள்! அது எப்பிடிச் சரி?"

என் மனுசன் தாடையைத் தடவி யோசித்தார். "மான் ரெண்டு பக்கத்துக்கும் பொதுத்தானே பிள்ளையள்" என்று சொல்லி நீளமாக விசில் ஊதினார்.

அதிபர் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். தாதி தையல்காரியைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். சிரித்ததில் எனக்குக் கண்ணால் நீர் ஓடியது. எனக்குள் இவ்வளவு சத்தம் இருந்திருக்கிறது என்பதை நினைத்து நான் அதிசயித்துப் போனேன். நெட்டைப் பிள்ளை என் முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"மிஸ், இதை ஒத்துக்கொள்ள ஏலாது. இப்பவே இன்னொருக்கா."

"இருட்டப் போகுது பிள்ளை. என்ர முழங்கால்..."

"பயமோ மிஸ்?"

தாதி என்னைப் பார்த்தாள். அதிபர் மணலில் விழுந்த தொப்பியைத் தேடி எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டார். நான் போய் நடுக்கோட்டில் ஏறி நின்றேன். இந்தத் தரம் கிளி நான்.