சுவர் ஓரத்து ஈரம்

மழைக்காலம் என்றாலே அருள்ஜோதிக்கு ஆகாது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளுக்குப் பிசிறு சுரண்டும் வேலை அவளுக்கு. மழை பிடித்துக்கொண்டால் கம்பெனியில் பொம்மை காயாது, வீட்டில் பெட்ஷீட் காயாது. அங்கே மேஸ்திரி திட்டுவார். வீட்டில் திட்ட ஆளில்லாததால் தன்னைத்தானே திட்டிக்கொள்வாள்.

புருஷன் பால்சாமி லாரியில் களிமண் ஏற்றப் போய்க்கொண்டிருந்த மனுஷன். பக்கவாதம் வந்து விழுந்ததிலிருந்து கட்டிலோடு சரி. இடது கை மட்டும் ஆடும், வாய் குழறும், மூத்திரம் சொல்லிக்கொண்டு வராது. "படுக்கை ஈரமா இருக்கக் கூடாது, முதுகுல புண்ணு வந்துரும். தண்ணி நெறையக் குடுக்கணும், இல்லாட்டி கிட்னி போயிடும்" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொல்வதற்கு என்ன, துவைக்கிறவள் வேறு ஆள்தானே. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அருள்ஜோதியின் விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது.

இரண்டாயிரத்து எட்டு ஐப்பசியில் தம்பி பிரின்ஸ் துணி காயவைக்கிற டிரையர் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். நெய்வேலியில் யாரோ மாற்றலாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போனதாம். "துணியப் போடு, இதைத் திருப்பு, அவ்ளோதாங்க்கா" என்றான். அவ்வளவுதான் என்று சொல்கிறவர்கள் யாரும் அந்த வேலையைத் தாங்கள் செய்வதில்லை.

கரண்ட் போவதற்குள் முடியட்டும் என்று இருந்த பெட்ஷீட்டை எல்லாம் ஒன்றாகத் திணித்தாள். மெஷின் சுற்றி நின்றதும் எடுத்தால் கை பொறுக்காத சூடு. அந்தச் சூட்டை நம்பி மடித்து வைத்தாள். விரிக்கும்போது பார்த்தால், பெரிய பெட்ஷீட்டுக்குள் சின்னது பந்தாகச் சுருண்டு, நடுவில் பிழிந்தால் சொட்டும் போலிருந்தது. மெஷினுக்கு ஓர் உதை விட்டாள்.

மேலே காய்ந்து வெளுத்திருக்கிற பொம்மை உள்ளே ஈரமாயிருந்தால் சூளையில் வெடித்துவிடும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். துணிக்கும் அதே கதைதான் என்று உறைக்கத்தான் நாளானது. அலுப்பில் புத்தி எங்கே வேலை செய்கிறது? அப்புறம் இரண்டுக்கு மேல் போடுவதில்லை. உதறித் தளர்வாகப் போட்டாள். பாதியில் நிறுத்தி முறுக்கைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே எடுத்து மறுபடி ஓட்டினாள். மெஷின் சல்லடையில் படிந்த துணிப் பஞ்சை ஒவ்வொரு தடவையும் வழித்தாள். எடுத்ததும் மடிக்காமல் நாற்காலிகள் மேல் பரப்பி ஆறவிட்டு, தையல் ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஆறினால்தான் ஈரம் தெரியும்.

அது மட்டுமில்லை, பால்சாமி படுக்கையை நனைப்பதும் குறைந்திருந்தது. மெஷின் வந்த நேரம் நல்ல நேரம் என்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். ஆனால் படுக்கையின் சுவர்ப்பக்க ஓரத்தில் மட்டும் எப்போதும் ஒரு ஈரம். அவருக்கு வேறு அடிக்கடி காய்ச்சல் அடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கன்னத்தில் வைத்துப் பார்த்த பெட்ஷீட்டை விரித்தாள். அவர் இடது கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்துவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது டம்ளர் காலி. சுவர் ஓரம் ஈரம். குனிந்து மோந்து பார்த்தாள். மூத்திர வாடையே இல்லை, வெறும் தண்ணீர். கட்டிலை இழுத்தாள். தரையில் தண்ணீர் தேங்கி, சுவரின் அடியில் பாசி பிடித்திருந்தது.

"என்னாங்க இது? குடிக்கிற தண்ணிய ஊத்துறீங்களா? எத்தினி நாளா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு குழறினார். "குடிச்சா... நனையுது. ஒன் கை... புண்ணு."

அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. "செத்துப் போயிட்டா இவ தொவைக்க வேணாம்னு நெனைச்சீங்களா?" என்று கத்தினாள். கத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். இந்த மனுஷன் தாகத்தோடு கிடந்ததற்கா மெழுகுவர்த்தி ஏற்றினோம் என்று நினைக்க நினைக்க அடக்க முடியவில்லை.

அழுது முடிந்ததும் டம்ளரை நிரப்பி, அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, கடைசி வாய் இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை. மறுபடியும் நிரப்பினாள்.

சாயங்காலம் படுக்கை நன்றாக நனைந்தது. பால்சாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவரை உருட்டி, நனைந்ததை உருவிப் போட்டு, காய்ந்ததை விரித்தாள். அவர் இடது கையை எடுத்துச் சுவர் ஓரத்தில் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க."

அவர் ஓரம் நெடுகத் தடவினார். "காஞ்சிருக்குது" என்றார்.

அந்தக் கையை அவள் பக்கம் நீட்டி, "ஜோதி, தண்ணி குடு" என்று கேட்டார்.