படிக்கப்படாமல் கிடந்த படகுச் செய்திகள்

திருவிடந்தைக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மாடியில் எங்கள் சின்ன அலுவலகம். மீன்பிடிப் படகுகளில் உள்ள கருவிகள் அனுப்பும் இடக்குறிப்பையும் ஆபத்துச் செய்தியையும் வாங்கி மீட்புக் குழுவுக்குத் தருவது எங்கள் வேலை. சர்வரைப் பார்த்துக்கொள்வது நான். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன்.

அன்று மத்தியானம் திடீரென்று காற்று எழுந்தது. படகுகள் கடலில் இருந்தன. திரையில் படகுகளைக் காட்டும் ஒரு புள்ளியும் நகரவில்லை.

எங்களுக்கு மீன் கொடுக்கும் அக்கா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். அவருடைய கணவரும் கொழுந்தனும் காலையில் ஒரே படகில் போயிருந்தார்கள்.

"இன்னாம்மா, எங்க வூட்டுக்காரரு போட்டு எங்க கீது? போன் போவ மாட்டேங்குது."

"பாத்துக்கிட்டே இருக்கேன்க்கா. உக்காருங்க."

உட்காரவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

சர்வரில் மெமரி பாதிக்கு மேல் காலி. ஆனாலும் சர்வரை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னல், சாக்கெட்டுகளுக்கான மெமரி தீர்ந்துவிட்டது என்று திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படகின் இணைப்புக்கும் ஒரு சாக்கெட். வந்த செய்தியை எங்கள் புரோகிராம் எடுத்துப் படிக்கும்வரை கெர்னல் தன்னிடம் வைத்திருக்கும். அதற்குத் தனி வரம்பு உண்டு. புரோகிராம் எங்கேயோ சிக்கிப் படிப்பதையே நிறுத்திவிட்டதால், செய்திகள் சேர்ந்து அந்த வரம்பை முட்டிவிட்டன. அதற்குமேல் வந்தவற்றைக் கெர்னல் வாங்காமல் தள்ளிக்கொண்டிருந்தது.

"ரீஸ்டார்ட் பண்ணிடுங்க மேடம்" என்றார் பக்கத்தில் வந்து நின்ற எங்கள் மேனேஜர்.

"பண்ணா உள்ள இருக்கறதெல்லாம் போயிடும் சார். வந்து சேந்துடுச்சுன்னு கெர்னல் படகுக்குப் பதில் சொல்லியாச்சு. அது மறுபடி அனுப்பாது."

"அதுக்காக இப்படியே வுட்டுட்டு உக்காந்திருக்கறதா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வரம்பை உயர்த்தினேன், புதிய செய்திகள் உள்ளே வர ஆரம்பித்தன. ஆனால் படிக்கத்தான் ஆளில்லை. ஒரே கட்டளையை இரண்டு முறை தப்பாக அடித்தேன். புரோகிராம் எதற்காக நிற்கிறது என்று தேடியபோது, வரைபடம் இருக்கும் இன்னொரு மெஷினிடம் பதில் கேட்டுக் காத்திருப்பது தெரிந்தது. அந்த மெஷின் செத்துக் கிடந்தது. அந்த ஒரு இணைப்பை மட்டும் வெட்டினேன். தவறிப் புரோகிராமே நின்றுவிட்டால் சேர்ந்திருந்த செய்திகள் எல்லாம் போய்விடும்.

ஒன்றும் நடக்கவில்லை. பின்னாலிருந்து அக்காவின் விம்மல் கேட்டது. பிறகு புள்ளிகள் மளமளவென்று விழுந்தன. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அவர்களுடைய படகு: இன்ஜின் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறுகிறது. அக்கா படியேறுவதற்கு முன்பே அனுப்பிய செய்தி அது.

மீட்புக் குழு மாமல்லபுரம் பக்கம் தேடிப் போய், இருட்டுவதற்குள் கவிழ்ந்த படகைக் கண்டுபிடித்தது. கணவர் அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். தம்பியின் கை முன்பே நழுவிவிட்டதாகச் சொன்னார். மறுநாள் உடல் கரை ஒதுங்கியது.

துக்கம் விசாரிக்கப் போனபோது அக்கா என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"அவங்க கூப்ட்டது அவ்ளோ நேரம் அந்தப் பொட்டிக்குள்ளாறயே இருந்துச்சா?"

"ஆமாக்கா."

அக்கா திரும்பி வீட்டுக்குள் போனார்.