ரெசிஸ்டர் இல்லாத வடிகட்டி

தஞ்சாவூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்தபோது எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. மின்சுற்றில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் செய்யும் வேலையை ரெசிஸ்டரே இல்லாமல் செய்யலாம் என்று லைப்ரரியில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்துவிட்டேன். அதன்பின் மெஸ் சாப்பாட்டைக்கூடத் திட்ட மறந்துபோனேன்.

ஒரு சின்ன கெப்பாசிட்டர், இரண்டு சுவிட்ச், அவ்வளவுதான். முதல் சுவிட்ச் இணைந்தால் கெப்பாசிட்டர் மின்னூட்டத்தை வாங்கிக்கொள்ளும். அது விலகி இரண்டாவது இணைந்தால் மறுபக்கம் கொட்டிவிடும். ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் குடத்தால் தண்ணீர் சுமப்பது போல. வேகமாகச் சுமந்தால் அகலக் குழாய், மெல்லச் சுமந்தால் ஒடுங்கிய குழாய். இதை வைத்து, வேண்டாத ஒலியை மட்டும் நீக்கும் வடிகட்டி ஒன்று செய்யலாம். அந்த வேகத்தைத் தருவது க்ளாக் என்னும் மின்துடிப்பு. அதன் குமிழைத் திருப்பினால், எந்த ஒலியை நீக்க வேண்டுமோ அதன் அதிர்வெண் இருக்கும் இடத்துக்கு வடிகட்டி நகர்ந்து போகும். நிஜமாகவே போகுமா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு கேசட்டைக் கையில் கொடுத்தார்.

திருவாரூர்ப் பக்கம் எங்களுக்கு முக்கால் வேலி, அதாவது ஐந்து ஏக்கர், நிலம் இருந்தது. அதில் சாகுபடி செய்தவர், குத்தகைதாரராகத் தன் பெயரைப் பதிய வேண்டும் என்று தாலுகா ஆபீசில் மனுப் போட்டிருந்தார். பெயர் ஏறிவிட்டால் அவரை நிலத்தைவிட்டு வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு அவர் வயலில் இறங்க முடியாது. அவர் வெறும் கூலியாள் என்பது அத்தாவின் வாதம். அதை அவர் வாயாலேயே சொல்லவைக்க, துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய டேப் ரிக்கார்டரைத் துண்டில் சுற்றி மோட்டார் கொட்டகையில் வைத்துப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். மோட்டாரை நிறுத்த மட்டும் மறந்துவிட்டார்.

“கூலிக்காரன்னு அவனே சொன்னாம்ப்பா. நல்லா ஞாபகம் இருக்கு. இந்த இரைச்சல மட்டும் எடுத்துக் குடு.”

யாருடைய நிலம், யாருடைய வழக்கு என்றெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. வடிகட்ட அசல் இரைச்சல் ஒன்று கிடைத்ததே என்று குதித்தேன்.

முதலில் எதுவுமே வடியவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, இரண்டு சுவிட்சும் ஒரு கணம் சேர்ந்தே இணைந்திருக்கின்றன. மின்னூட்டம் நேராக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒன்று விலகிய பிறகே மற்றது இணையும்படி நடுவில் துளி இடைவெளி வைத்தேன். வடிகட்டி வேலை செய்தது, ஆனால் மோட்டார் இரைச்சல் கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சற்று மேலே தள்ளி இருந்தது, அதுவும் நிலையாக இல்லை. பதியும்போது ரிக்கார்டரில் பேட்டரி இறங்கி டேப் மெதுவாக ஓடியிருக்கிறது! பழைய முறையில் என்றால் ஒவ்வொரு தடவையும் ரெசிஸ்டர்களைக் கழற்றி மாற்றிப் பற்றவைத்து உயிரை விட்டிருப்பேன். இப்போது குமிழைத் திருப்பினேன். இரைச்சல் தேய்ந்தது, இன்னும் தேய்ந்தது, அடியிலிருந்து மனிதக் குரல் எழுந்து வந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என்ன பேசுகிறார்கள் என்பதை இரண்டாம் தடவைதான் காதில் வாங்கினேன்.

“கூலிக்காரன்னே எழுதிக்கிடுங்க மொதலாளி. முப்பது வருஷமா குத்தகை நெல்லு அளந்தது யாரு?”

அடுத்தது அத்தாவின் குரல். “நீதான் அளந்தே. யாரு இல்லேன்னா? அதுக்கு ரசீது இருக்கா ஒங்கிட்ட?”

இரைச்சல் நீங்கிய பேச்சை வேறு கேசட்டில் ஏற்றி, பழையதோடு ஊருக்கு எடுத்துப் போய் அத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கேசட்டையும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “நல்லா செஞ்சிருக்கே” என்றார்.

விசாரணையன்று நானும் கூடப் போனேன். குத்தகை நெல் வாங்கியதுண்டா என்று அதிகாரி கேட்டதற்கு அத்தா இல்லை என்றார். ரசீது இல்லாததால் மனு தள்ளுபடி ஆனது. அத்தா கையெழுத்துப் போட உள்ளே நின்றார். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். மனுப் போட்டவரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

“தம்பி தஞ்சாவூர்ல என்ன படிக்கிறீங்க?” என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“இரைச்சல்ல அமுங்கிப்போன பேச்சைப் பிரிச்சு எடுக்குறதுங்க” என்றேன்.

“நல்ல படிப்பு தம்பி. அன்னிக்கி மோட்டார் கொட்டகையில ஒங்க அத்தா சொன்னத யாராச்சும் ஒருத்தர் கேட்டிருந்தாப் போதும். எனக்கு வேற சாட்சியே வேண்டாம்.”

“பஸ் வருதுங்க” என்றேன்.