அம்மைப்பால் காயும் நேரம்

வெளிநாடுகளில் சளிக்காய்ச்சலுக்கு வருஷா வருஷம் ஊசி போடுகிறார்களாம். ஒரு நாட்டில் அரசாங்கமே வயசானவர்களைக் கூப்பிட்டுப் போடுகிறது, இன்னொரு நாட்டில் கேட்டால்தான் உண்டு. எங்கே போனாலும் கூப்பிட்டவர்களில் நிறையப் பேர் வருவதில்லையாம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் படித்துவிட்டு உட்கார முடியாமல் எழுந்து நடந்தேன். வராதவர்களைப் பற்றி அவ்வளவு எழுதியவர், வந்து, கையை நீட்டி, குத்திக்கொண்டு, அப்புறமும் உடம்பில் சேராமல் போன மருந்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அது தெரியும். செஞ்சி வெயிலில் கண்ணால் பார்த்தவள் நான்.

அறுபதுகளின் நடுவில் நான் அம்மை குத்துகிறவள். இருபத்திரண்டு வயது. எங்கள் சேரியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண். நைனா கல் உடைக்கிறவர். வேலைக்கான கடிதம் வந்த அன்று, படிக்கத் தெரியாமல், அதன் அடியில் இருந்த முத்திரையை மட்டும் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். காய்ப்பேறிய விரலுக்கு அந்த மை தட்டுப்பட்டிருக்குமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

தோள்பையில் ஸ்பிரிட் விளக்கு, பஞ்சு, நுனியில் பல் வைத்த சின்ன வட்டத் தகடு கொண்ட குத்தூசி. ஈரத்துணி சுற்றிய மண் கலயத்தில், கண்ணாடிக் குழல்களுக்குள் அம்மைப்பால், பெரியம்மைக்கான தடுப்பு மருந்து. கையில் ஒரு சொட்டு விட்டு, அதன்மேல் தகட்டை வைத்து, ஒரு திருகு. அவ்வளவுதான் வேலை. அப்புறம் அது காய வேண்டும். காய்வது வேலையில் சேராது என்று அப்போது நினைத்திருந்தேன்.

அனந்தபுரம் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரையோடு நடந்தால் ஒரு ஊர். பேர் வேண்டாம். பக்கத்து ஊரில் பெரியம்மை கண்டுவிட்டது என்று செய்தி வந்ததும் சுகாதார ஆய்வாளர் என்னை அங்கே அனுப்பினார். முதலில் சேரியில் குத்தினேன். பிறகு ஊர்த்தெரு. தெருவுக்குள் வராதே என்று யாரும் சொல்லவில்லை, தெருமுனைப் புங்க மரத்தடியில் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். எனக்குப் புரிந்தது, உட்கார்ந்தேன். பயம் அவர்களை வரிசையில் நிற்க வைத்திருந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் கை நீட்டினார்கள். "காயட்டும், தொடாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன், ஒவ்வொருவரும் தலையாட்டிவிட்டு வீடுகளின் பின்பக்கமாகப் போனார்கள். அங்கே கிணறு இருந்தது. எனக்கு உறைக்கவில்லை.

"முழு ஊரும் முடிச்சிட்டியா, பரவாயில்லையேம்மா" என்றார் ஆய்வாளர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். காற்றே எனக்காக வீசியது போல இருந்தது.

எட்டாம் நாள் பலன் பார்க்கப் போனோம். சேரியில் எல்லாக் கைகளிலும் கொப்புளம் எழும்பி, முத்துப்போல் பால் வைத்திருந்தது. ஊர்த்தெருவில் ஒரு கையிலும் ஒன்றும் இல்லை. கீறல் ஆறிய கோடு மட்டும். ஆய்வாளர் ஒவ்வொரு கையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மைப்பால் வெயிலில் கெட்டிருக்கும் என்றார். சேரிக்கும் இதே கலயம்தானே சார் என்றேன். அப்போது என் கையில்தான் கோளாறு என்றார். சேரிக்கும் இதே கைதானே என்று சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன்.

பதில் சொன்னது ஊர்ப் பெரியவர் வீட்டு மருமகள். என் வயசுதான் இருக்கும். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை.

"நீ தொட்டியே, அதான். நீ ஏரிக்கரை தாண்டறதுக்குள்ள எல்லாரும் தலைக்கு ஊத்திக்கினோம். சீயக்கா போட்டுத் தேச்சோம். கொழந்தைக்கும்தான்."

அதில் பகை இல்லை. சாப்பிட்டுக் கை கழுவினோம் என்பது போலச் சொன்னாள். என் கை பட்ட தீட்டோடு, ஈரம் காயாத அம்மைப்பாலும் சீயக்காய் நுரையில் போய்விட்டது. சேரியில் என் கை பட்டதை யாரும் கழுவவில்லை. அதனால் அவர்களுக்கு மருந்து ஏறியது.

ஆய்வாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "திண்டிவனத்துலேர்ந்து வேற ஆள வரவழைக்கறேன். பத்து நாள் ஆவும். அவன் தொட்டா குளிக்க மாட்டாங்க. நீ மனசுல வச்சிக்காத."

பத்து நாள். அந்த மருமகளின் மாமியாருக்குப் பிறந்த வீடே அம்மை கண்ட ஊரில்தான். அண்ணன் வீட்டு ஆட்கள் வாரத்துக்கு இரண்டு தடவை வந்துபோகிறவர்கள். குழந்தையைப் பார்த்தேன். பருப்பு மாதிரி ஒரு பல் முளைத்திருந்தது, அதைக் காட்டிச் சிரித்தது.

"இன்னிக்கே போடணும் சார். நான்தான் போடுவேன்."

"மறுபடியும் கழுவிடுவாங்க."

"காயற வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மரத்தடிக்குப் போய் பீடி பற்றவைத்தார்.

நான் தெருவுக்குள் நடந்தேன். முக்காலியைத் தாண்டி. பெரியவர் வீட்டு வாசலில் நின்று சொன்னேன்: "குளிக்க வேணாம்னு நான் சொல்லல. பொழுது சாஞ்சி குளிங்க. அதுவரைக்கும் கையில தண்ணி படக்கூடாது."

மாமியாருக்குக் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம். "பொழுது சாயற வரைக்கும் தீட்டோட எப்பிடி ஊட்டுக்குள்ள போறது? அடுப்பு யாரு மூட்டுவா? ஊரு மொத்தமும் தெருவுல குந்திக்கினு பட்டினி கெடக்கவா?"

நியாயமான கேள்வி.  அவர்கள் ஒழுங்கில் அதற்கு இடமே இல்லை. குளிக்காமல் வாசல்படி ஏறக்கூடாது, ஏறாமல் சோறு இல்லை.

மருமகள் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். குழந்தைக்குக் குத்தினேன். அது வீறிட்டது. அவளுக்கும் குத்தினேன். இருவரும் வெயிலில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நானும். தெருவே தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது. ஒருத்தி சொன்னாள், "கருவாடு காயப் போட்ட மாரி இருக்குது பாரு." மருமகளே சிரித்துவிட்டாள்.

வெயில் ஏறியது. குழந்தை பாலைக் குடித்துவிட்டு இன்னும் அழுதது. அதற்குக் கேழ்வரகுக் கஞ்சி வீட்டுக்குள் இருந்தது. எடுத்துத் தரச் சொல்லி மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் அசையவில்லை. அவள் எழுந்தாள், சேலைத் தூசியைத் தட்டினாள், குழந்தையோடு வாசல்படி ஏறி உள்ளே போனாள். குளிக்காமல். அடுப்பங்கரையில் பானை மூடி திறக்கும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

தெரு முழுக்க அந்த வாசல்படியையே பார்த்தது. 

மாமியார் உள்ளே எட்டிப் பார்த்தார். வெளியே திரும்பினார். "பானையத் தொட்டுட்டாளே. ஊடே தீட்டாயிடுச்சி. இனிமே நான் மட்டும் குளிச்சி இன்னா ஆவப்போவுது?" என் முன்னால் வந்து சேலையை விலக்கிக் கையை நீட்டினார். "குத்து. வலிக்காம குத்து, சொல்லிட்டன்."

அவர் வீட்டிலிருந்துதான் தெருவுக்கே மோர் போகும். பெரிய வீடே தீட்டோடு இருக்கும்போது சின்ன வீடுகள் தனியாகச் சுத்தமாக இருந்து என்ன செய்யும் என்று கணக்குப் போட்டார்களோ என்னவோ, ஒவ்வொருவராக வந்தார்கள். அன்று குத்தியே என் கட்டைவிரல் வீங்கிப்போனது. ஆய்வாளர் பீடியை அணைத்துவிட்டு வந்து, ஊசியைச் சுட எனக்கு ஸ்பிரிட் விளக்கைப் பிடித்தார். பொழுது சாய்ந்ததும் குளித்தவர்கள் குளித்தார்கள். அதற்குள் எல்லாம் காய்ந்திருந்தது.

செஞ்சி ஆபீசுக்குத் திரும்பிப் பதிவேட்டைத் திறந்தேன். முதல் தடவை நான் எழுதியிருந்த வரிசையை, அந்த ஊர்த்தெரு முழுவதையும், நானே சிவப்பு மையால் அடித்தேன். "இது உனக்குத்தானம்மா கெட்ட பேரு" என்றார் ஆய்வாளர். அடித்த கோட்டின் பக்கத்தில் 'பலன் இல்லை, கழுவப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் எத்தனையோ வரிகள் எழுதியிருக்கிறேன். அவ்வளவு திமிராக இன்னொரு வரி எழுதவில்லை.

அடுத்த எட்டாம் நாள் மருமகள் எனக்காகத் தெருமுனைக்கே வந்துவிட்டாள். குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், கையில் கொப்புளம் கொழுத்துப் பால் வைத்திருந்தது. "பாரு, எவ்ளோ பெருசு" என்றாள். பிள்ளை பரீட்சையில் தேறியதைச் சொல்கிற குரல். தன் கையைக் காட்ட ஜாக்கெட்டை ஏற்ற வேண்டியிருந்தது, "கொஞ்சம் புடி" என்று குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டாள். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் பார்த்துக்கொண்டுதான் கொடுத்தாள்.

அந்த மாதம் மாமியாரின் அண்ணன் வந்து அந்த வீட்டில் தங்கினார். நான்காம் நாள் அவருக்கு முத்துப் போட்டது. வேப்பிலை செருகி, அவரை உள்ளறையில் கிடத்தி, பார்த்துக்கொண்டவள் மருமகள். நான் ஒன்றுவிட்ட ஒருநாள் பஸ் ஏறிப் போய் அந்தத் தெருவின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நெற்றி, கன்னம், உள்ளங்கை. குழந்தையை இரண்டு தடவை பார்த்தேன். அண்ணன் தழும்போடு பிழைத்து எழுந்தார். அவரைத் தவிர அந்தத் தெருவில் ஒருவருக்கும் காணவில்லை. குழந்தை அதற்குள் குப்புற விழுந்து தவழத் தொடங்கியிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, மோர் குடிக்கிறியா என்று மாமியார் கேட்டார். குடித்தேன்.