முட்டை குடித்த இடுப்பு

இடுப்பு மூட்டு மாற்றியபின் இன்றுதான் மருத்துவர் மெதுவாக ஓடச் சொன்ன முதல் நாள். காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா தம்ளரை நீட்டினார். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். அந்தக் கவிச்சி மூக்கில் ஏறியதுமே எனக்குக் குமட்டியது.

செடெனாக் ரப்பர் தோட்டத்து வீட்டில் நான் வயதுக்கு வந்த மறுநாள் காலையும் இதே வாடைதான். அத்தை என் மூக்கைப் பிடித்துக்கொள்ள, அம்மா முட்டை ஓட்டிலேயே எண்ணெய் விட்டு வாயில் கவிழ்த்தார். சளி மாதிரி வழுவழுவென்று இறங்கிய கரு தொண்டையில் நின்றது. வாந்தி எடுத்தால் இன்னொன்றை உடைப்பார்கள்.

“குடி லா. இடுப்பு பலமா இருக்கணும்ல,” என்றார் அத்தை.

“அப்போ ஸ்கூல் போட்டியில ஓடலாமா?” என்று கேட்டேன்.

“வயசுக்கு வந்த புள்ளைக்கு ஓட்டம் என்னாத்துக்கு? கர்ப்பப்பை எறங்கிரும்,” என்றார் அம்மா. என் காலணி அன்றைக்கே தம்பிக்குப் போனது. முட்டை மட்டும் தினமும் வந்தது.

“குடிச்சிட்டுப் போ. இடுப்புக்கு நல்லது,” என்றார் அம்மா இப்போதும்.

தம்ளரை வாங்கி சிங்க்கில் கவிழ்த்தேன். மஞ்சள் கரு ஓட்டையில் சிக்கி நின்றது. குழாயைத் திறந்துவிட்டேன்.

“இப்போ இருக்குற இடுப்பு இரும்பும்மா. நீங்க முட்டை ஊத்தி வளத்தத வெட்டி ஆஸ்பத்திரி குப்பையில போட்டுட்டாங்க. அத ஒரு நாளாச்சும் ஓட விட்டீங்களா?”